டாக்டர் அறையிலேயே யூரின் கல்ச்சர்: அந்தத் தட்டை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகரில் வேலை பார்க்கிறீர்கள். நீர்க்கடுப்பு என்று குடும்ப டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸ் சிறுநீரை வாங்கி, அறை அறையாகத் தடுத்த ஒரு வட்டத் தட்டில் ஊற்றி வடித்துவிட்டு, நாளைக் காலை ஃபோன் செய்யச் சொன்னார். மறுநாள் கிருமி இருக்கிறது என்பதோடு எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். அதே மாதம் மதுரையில் உங்கள் அம்மாவுக்கு லேபில் கொடுத்த யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வந்து சேர மூன்று நாள் ஆனது. "இங்கே ஒரே நாளில் முடிவது அங்கே ஏன் முடியவில்லை? அந்தத் தட்டில் நாலைந்து வாங்கி வரட்டுமா?" என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தட்டு சொல்வது நம்பத்தக்கதா என்பது ஒன்று. ரிசல்ட் சீக்கிரம் வந்தால் நோயாளிக்கு அதனால் நல்லது நடக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் பாதிக்குத் தெளிவாக "ஆம்" சொல்லலாம். இரண்டாவதற்கு, நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். தமிழ்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பல வருடங்களாகக் கல்ச்சர் தட்டுகளைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் வேலை. நோயாளியை நேரில் பார்த்து மருந்து எழுதுகிறவன் அல்ல. டென்மார்க் கிளினிக்கில் வேலை பார்த்ததும் இல்லை. அங்கத்திய தட்டைப் பற்றி நான் சொல்வது வெளியான ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. லேப் பற்றிச் சொல்வது கையால் செய்து தெரிந்துகொண்டது.

மூன்று நாள் ஏன் ஆகிறது என்றால், சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. முதல் நாள், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கிற கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டுத் தட்டில் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். இரண்டாம் நாள் காலையில் காலனிகள், அதாவது கிருமிகள் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளிகள், தெரியும். அதிலிருந்து ஒரே வகைக் கிருமியை மட்டும் எடுத்து, உப்புநீரில் கரைத்து, கலங்கலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்து, வேறொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து வில்லைகளை வைக்கிறோம். அது வளர இன்னொரு இரவு வேண்டும். மூன்றாம் நாள் ஒவ்வொரு வில்லையையும் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் "கேட்கும், கேட்காது" என்று எழுதுகிறோம். பெரிய லேபில் தானியங்கி இயந்திரம் இருந்தால் இரண்டாம் நாள் மாலையிலேயே சொல்லிவிடலாம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுவும் போச்சு.

உங்கள் டாக்டர் பயன்படுத்தியது, நீங்கள் சொன்ன வடிவத்தை வைத்துப் பார்த்தால், கோபன்ஹேகனில் உள்ள ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட் உருவாக்கிய ஃப்ளெக்சிகல்ட் அல்லது அதைப் போன்ற ஒன்று. அதில் ஒரு பெரிய அறையும் ஐந்து சின்ன அறைகளும் இருக்கும். பெரிய அறையில் மருந்து கிடையாது. எத்தனை கிருமி, என்ன வகை என்று பார்க்க அது. சின்ன அறை ஒவ்வொன்றிலும் அகாரோடு (கிருமி வளர்க்கும் கூழ்) ஒரு ஆன்டிபயாடிக் கலந்திருக்கும்: டிரைமெத்தோப்ரிம், சல்ஃபாமெத்திசோல், ஆம்பிசிலின், நைட்ரோஃபியூரான்டாயின், மெசில்லினம். எந்த அறையில் வளர்கிறதோ அந்த மருந்து கேட்காது. எதில் வளரவில்லையோ அது கேட்கும். நாங்கள் இரண்டு இரவில் செய்வதை ஒரே இரவில் அடுக்கிவிட்டார்கள். இதற்கு முன்னோடியும் உண்டு. இரண்டு பக்கமும் அகார் பூசிய சின்னப் பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுத்து வைக்கிற டிப்ஸ்லைடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஃபின்லாந்தின் யூரிகல்ட் அதில் பெயர் பெற்றது. அது கிருமி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், மருந்தைப் பற்றிச் சொல்லாது.

இப்போது நம்பிக்கை விஷயம். கிருமி வளர்ந்ததா, எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்வியில் கிளினிக் தட்டு நன்றாகவே வேலை செய்யும். ஏதும் வளராத சுத்தமான தட்டு என்றால், நோயாளி ஏற்கனவே ஆன்டிபயாடிக் விழுங்காதவராக இருக்கும் பட்சத்தில், அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஒரு விஷயத்தில் அது எங்கள் லேபைவிட மேல் என்றுகூடச் சொல்வேன்: சிறுநீர் பிடித்த ஐந்தாவது நிமிடம் தட்டுக்குப் போய்விடுகிறது. எங்களிடம் வருகிற சிறுநீரின் கதை வேறு. வீட்டில் விடிகாலையில் பிடித்து, கழுவிய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி, பையில் போட்டு, பஸ் ஏறி, கலெக்ஷன் சென்டரில் கொடுத்து, அங்கிருந்து மதியம் ஒரு பையன் வண்டியில் எடுத்துவந்து சேர்ப்பான். நம்மூர் வெயிலில் ஈகோலை (நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான குடல் கிருமி) அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலே, மில்லிலிட்டருக்கு ஆயிரமாக இருந்தது மூன்றரை மணி நேரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நோயே இல்லாதவருக்குப் "பாசிட்டிவ்" ரிப்போர்ட் போவது இப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காக.

அந்த ஒரு லட்சம் என்ற எண்ணுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1956-இல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி இருந்தால் அது உண்மையான தொற்று, அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று கோடு போட்டார். அவர் பார்த்தது சிறுநீரகத்தில் சீரியஸாகத் தொற்று இருந்தவர்களையும், அறிகுறியே இல்லாத பெண்களையும். எரிச்சலோடு வருகிற சாதாரண இளம்பெண்ணுக்கு அந்தக் கோடு பொருந்துகிறதா என்று 1982-இல் வால்டர் ஸ்டாம் குழுவினர் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக எடுத்துப் பார்த்தபோது கிருமி உறுதியான பெண்களில், ஒரு லட்சம் என்ற கோடு ஏறக்குறைய பாதிப்பேரைத்தான் பிடித்தது. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு, எரிச்சல் இருக்கும் பெண்ணிடம் ஈகோலை மில்லிலிட்டருக்கு வெறும் நூறு இருந்தாலும் அது சிறுநீர்ப்பையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம் என்றது. என்டரோகாக்கஸ் போன்ற வேறு சில கிருமிகள் வளர்ந்தால் அதை அப்படி நம்ப முடியாது என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆக, தட்டில் எண்ணிக்கை குறைவு என்பதாலேயே தொற்று இல்லை என்று ஆகிவிடாது. ஆயிரத்துக்குக் கீழே கிளினிக் தட்டும் பார்க்காது, எங்கள் ஒரு மைக்ரோலிட்டர் வளையமும் பார்க்காது. அறிகுறி இருக்கிறதா என்று கேட்காமல் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடுத்து, தட்டைப் படிப்பது. நிறம் காட்டும் அகாரில் இது எளிது போலத் தோன்றும். எங்கள் லேபில் பயன்படுத்துகிற வகையில் ஈகோலை இளஞ்சிவப்பாக வரும், கிளெப்சியெல்லா நீலம் கலந்து கொழகொழவென்று இருக்கும், என்டரோகாக்கஸ் ஊசிமுனை அளவுக்கு நீலப்பச்சைப் புள்ளிகளாக வரும், புரோட்டியஸ் தன்னைச் சுற்றிப் பழுப்பேற்றும். கிருமிகளிடம் இருக்கிற என்சைம்கள் அகாரில் கலந்த சாயப்பொருளை உடைப்பதால் வருகிற நிறங்கள் இவை. ஒரே நிறத்தில் நிறையக் காலனி என்றால் யாரும் படித்துவிடலாம். ஆனால் தினமும் வருகிற தட்டுகளில் கணிசமானவை அப்படி இருப்பதில்லை. இளஞ்சிவப்பு நாற்பது, நீலப்பச்சை நூற்றுக்கு மேல், நடுவில் வெள்ளையாகச் சில என்று ஒரு தட்டு வரும். சிறுநீர் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்காததால் தோலிலும் பெண்ணுறுப்பைச் சுற்றியும் வாழ்கிற கிருமிகள் எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். நாங்கள் "கலப்பு வளர்ச்சி, மறுபடி அனுப்பவும்" என்று எழுதி முடித்துக்கொள்வோம். கிளினிக்கில் காத்திருக்கிற நோயாளியை ஃபோனில் வைத்துக்கொண்டு அதே தட்டைப் பார்க்கும் டாக்டருக்கு, அந்த நாற்பது இளஞ்சிவப்பைக் குற்றவாளியாக்கிவிடத்தான் கை போகும். அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

மருந்து அறைகளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். லேபில் சென்சிடிவிட்டி, அதாவது எந்த மருந்து கேட்கும் என்று, பார்க்கும்போது இரண்டு விஷயத்தைப் பிடிவாதமாகக் காப்போம்: ஒரே ஒரு வகைக் கிருமி, குறிப்பிட்ட அளவு. கிளினிக் தட்டில் சிறுநீரை அப்படியே ஊற்றுவதால் இரண்டுமே கையில் இல்லை. ஒருவர் சிறுநீரில் பத்தாயிரம் இருக்கும், இன்னொருவருடையதில் பத்துக் கோடி இருக்கும். கூட்டம் அதிகமானால் மருந்தை மீறி வளர்வது போலத் தெரியும். குறைவானால் எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமியும் கண்ணில் படாமல் போகலாம். கலப்பு வளர்ச்சி என்றால் இன்னும் குழப்பம்: ஆம்பிசிலின் அறையில் முளைத்திருப்பது நோய் தந்த கிருமியா, தோலிலிருந்து வந்ததா? அதனால் அந்த அறைகளை வழிகாட்டிக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். லேப் ரிப்போர்ட்டுக்குச் சமமாக வைக்க மாட்டேன்.

சரி, நடைமுறையில் நோயாளிக்கு லாபம் உண்டா? இங்கேதான் ஆய்வு முடிவுகள் ஆர்வத்தைக் கொஞ்சம் தணிக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின் நான்கிலும் குடும்ப மருத்துவர்களிடம் வந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பொயெட்டிக் என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2018-இல் வந்தது. பாதிப்பேருக்கு ஃப்ளெக்சிகல்ட், மீதிப்பேருக்கு வழக்கமான வைத்தியம். மூன்றாம் நாளில் சரியான மருந்தில் இருந்தவர்கள் தட்டு வைத்த குழுவில் அதிகமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. டென்மார்க்கிலேயே 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வெறும் கல்ச்சர் செய்த நோயாளிகளோடு சென்சிடிவிட்டியும் சேர்த்துச் செய்தவர்களை ஒப்பிட்டார்கள். மருந்து அறைகள் சேர்ந்ததால் மருந்துச் சீட்டின் தரம் கூடவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், இது நிரூபணமான ஒன்றல்ல. பெரும்பாலான பெண்களுக்கு அன்றைக்கே மருந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தட்டு பேசத் தொடங்குவதற்குள் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போய்விடுகிறது. மறுநாள் வருகிற பதில் அதை மாற்ற வேண்டும் என்றால் ஒருவர் ஃபோன் செய்ய வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும், எரிச்சல் பாதி குறைந்த நிலையில் மாத்திரையை நிறுத்த அல்லது மாற்ற அவர் சம்மதிக்க வேண்டும். தட்டின் பயன் முழுதாகக் கிடைப்பது, முடிவு வரும் வரை காத்திருக்கத் துணிகிற இடத்தில்தான். உங்கள் டாக்டர் நாளைக்கு ஃபோன் செய்யச் சொன்னாரே, அந்த ஒரு நாள் பொறுமைதான் விஷயமே. டென்மார்க்கில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பதிவு செய்த குடும்ப டாக்டர் உண்டு, அவர் அறையில் மைக்ரோஸ்கோப்பும் இருக்கும், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்காது. அந்தச் சூழலுக்காகச் செய்த தட்டு அது.

காத்திருப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். கர்ப்பமாக இல்லாத, வேறு நோய் இல்லாத பெண்ணுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பில் ஒரு நாள் காத்திருப்பது பெரும்பாலும் பாதகமில்லை. 2015-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்கும் இன்னொரு குழுவுக்கு வெறும் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி மாத்திரைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தொந்தரவு நீடித்தது. சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களும் அந்தக் குழுவில்தான் கூடுதல், எண்ணிக்கை மிகக் குறைவு என்றாலும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி, கர்ப்பம், சிறுநீரகக் கல், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பது, ஆண்கள், குழந்தைகள் என்றால் கணக்கே வேறு. அங்கே முழு லேப் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள். கிளினிக் தட்டை நம்பி உட்கார மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஏன் இது பரவவில்லை என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அந்தத் தட்டில் உள்ள மருந்துகளையே பாருங்கள். சல்ஃபாமெத்திசோலும் மெசில்லினமும் டென்மார்க்கில் நீர்க்கடுப்புக்கு எழுதிவந்த மருந்துகள். இங்கே எந்த டாக்டர் எழுதுகிறார்? நம்மூர் ஈகோலையில் ஆம்பிசிலின் கேட்காதது பெரும்பான்மை, சிப்ரோஃப்ளாக்சசினும் மோசமாகிவிட்டது. சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபியூரான்டாயின், ஃபோஸ்ஃபோமைசின் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டி சொல்வது, அவை இன்னும் கேட்பதால்தான். இங்கே தட்டு செய்தால் அந்த இரண்டும் சில ஊசி மருந்துகளும் அதில் இருக்க வேண்டும். அப்புறம் இன்குபேட்டர். மே மாத மதுரையில் எதற்கு இன்குபேட்டர், மேசை மேலேயே வளருமே என்று தோன்றும். பகல் சூடும் இரவுச் சூடும் ஒன்றில்லை; மின்சாரம் போனால் இன்குபேட்டருமே ஏமாற்றும். மறுநாள் அந்தத் தட்டில் இருப்பது கோடிக்கணக்கான உயிருள்ள கிருமி. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அதைச் செயலிழக்கச் செய்த பிறகே மஞ்சள் பையில் போட வேண்டும். ஒரே ஒரு டாக்டரும் ஒரு உதவியாளரும் உள்ள கிளினிக்கில் இதையெல்லாம் யார் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களுக்கு வருகிற எத்தனையோ பேர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய நார்ஃப்ளாக்சசினை இரண்டு வேளை போட்டுவிட்டுத்தான் டாக்டரிடமே போகிறார்கள். அவர்களின் சிறுநீரை எந்த நாட்டுத் தட்டில் ஊற்றினாலும் சரியான பதில் வராது.

ஓர் இரவுகூடக் காத்திருக்க வேண்டாத கருவிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கும் உடனடிப் பரிசோதனைக்காக பிரிட்டனில் 2014-இல் அறிவித்த லாஞ்சிட்யூட் பரிசை, 2024-இல் சுவீடனின் உப்சாலாவில் உருவான பிஏ-100 என்ற கருவி வென்றது. பரிசு 80 லட்சம் பவுண்டு. அரை மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீரை ஒரு சின்ன அட்டைக்குள் செலுத்தினால், ஆயிரக்கணக்கான நுண்ணிய பொறிகளில் கிருமிகள் ஒவ்வொன்றாகச் சிக்கும். ஐந்து மருந்துகளுக்கு முன்னால் அவை வளர்கின்றனவா, நிற்கின்றனவா என்று கேமரா பார்த்து, 45 நிமிடத்தில் சொல்லிவிடும். நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பதில் கிடைப்பதால், மாத்திரை முந்திக்கொள்ளும் பிரச்சினை இதில் இல்லை. தத்துவம் எனக்குப் பிடித்திருக்கிறது. கலப்பு வளர்ச்சித் தொல்லையை இதுவும் முழுதாகத் தீர்க்காது என்றே நினைக்கிறேன். அந்தத் தப்பு கருவிக்கு வெளியே, கழிவறையில் நடப்பது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு எரிச்சலோ, அடிக்கடி போவதோ, காய்ச்சலோ இருந்ததா, இல்லை மாஸ்டர் செக்கப்பில் எடுத்த சிறுநீரா என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். வயதான பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சர்வசாதாரணம். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களில் கால்வாசி முதல் பாதிப்பேர் வரை அப்படித்தான். கர்ப்பிணிகளையும், சிறுநீர்ப்பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து கொடுப்பதில்லை. சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படித்தான். வீட்டில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் ஊற்றிப் பார்த்தால், அது பாசிட்டிவ் காட்டும், வீட்டில் கவலை ஏறும், கடைசியில் தேவையில்லாத மாத்திரை ஒன்று உள்ளே போகும்.

ஆகவே தட்டு வாங்கி வர வேண்டாம். அது குளிரில் வைக்க வேண்டிய பொருள், பெட்டியில் இரண்டு விமானம் மாறி வந்தால் அகார் காய்ந்தோ ஈரம் கோத்தோ போகும், காலாவதியும் சீக்கிரம். அந்தச் செலவில் பாதிகூட வேண்டாம்: லேபில் கிடைக்கும் அகல வாய் ஸ்டெரைல் டப்பா இரண்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த முறை தொந்தரவு வந்தால், மாத்திரை எதுவும் போடுவதற்கு முன், தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவிக்கொண்டு, முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுச்சிறுநீரைப் பிடிக்கச் சொல்லுங்கள். டப்பாவின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் விரல் தொடக் கூடாது. கலெக்ஷன் சென்டரில் கொடுக்காமல் கல்ச்சர் போடுகிற லேபுக்கே நேராகப் போங்கள், சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் லேபுக்கு ஃபோன் செய்து "வளர்ந்திருக்கிறதா, என்ன மாதிரி?" என்று கேட்டால் வாய்மொழியாகச் சொல்கிற லேபுகள் நிறைய உண்டு; அதை அம்மாவின் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துப் பட்டியல் மூன்றாம் நாள் வரட்டும்.